கறுப்பின மாந்தரின் பொன்மொழிகளும் நம் ஊர்ப் பதாகைகளும்

சொல்லுக்கு ஒரு விலை உண்டு. சொன்னவர் அவ்விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பின்னால் வருகிறவர் பயனைத் துய்க்கிறார். உலகில் ஒடுக்கப்பட்டோர் வரலாறு முழுவதும் இத்தகைய சொற்களால் ஒளி பெற்றுள்ளது.

நாம் வாழும் இக்காலத்திலோ பொன்மொழிக்குப் பஞ்சமே இல்லை. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பதாகையில் ஒரு பொன்மொழி; அரியலூர்த் தேநீர்க் கடைச் சுவரில் ஒரு பொன்மொழி; ஆட்டோவின் முதுகில் ஒன்று; காதணி விழா அழைப்பிதழில் ஒன்று; விடியற்காலையில் கைப்பேசியைத் திறந்தால் வணக்கத்தோடு சேர்த்துப் பத்து. முற்காலத்து முனிவர்கள் காடேகித் தவமிருந்து ஓரிரு வாக்கியங்களைக் கொண்டு வந்தார்களாம். நம் இளைஞர்களோ படுக்கையை விட்டு எழுமுன்பே நாற்பது வாக்கியங்களை நாற்பது பேருக்கு அனுப்பி முடித்துவிடுகிறார்கள்!

அண்ணல் அம்பேத்கர் 1942ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் தம் மக்களுக்கு மூன்று கட்டளைகளை இறுதி அறிவுரையாக வழங்கினார். கற்பித்தல், கிளர்ந்தெழுதல், அமைப்பாதல் என்பன அவை. நம் சுவர்களில் இம்மூன்றும் ஊருக்கு ஊர் இடம் மாறி நிற்கின்றன. முதற்கட்டளை மட்டும் எங்கும் முதலிடத்திலேயே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கற்காதவர்களும் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள்!

நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் மொழிந்த புகழ்பெற்ற மொழிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எங்கே, எப்போது, எவரை நோக்கி, என்ன விலைக்குச் சொல்லப்பட்டன என்று நோக்க விழைகிறோம். இடையிடையே நம் ஊர் நடப்பைப் பற்றிச் சிறிது நகைத்துக்கொள்ளும் உரிமையும் எடுத்துக்கொள்கிறோம். நகைப்பு நம்மைப் பற்றியதே ஆதலின் எவரும் வருந்த வேண்டுவதில்லை.

அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு?

"எங்கோ கடல் கடந்த நாட்டினர், அவர்கள் பேச்சு நமக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் வினவக்கூடும். உறவு பழையது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டு வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். எட்டே ஆண்டுகளில் புனாவிலிருந்து ஒரு கை நீண்டு அக்கரையைத் தொட்டுவிட்டது!

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் 1946ஆம் ஆண்டு, கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் அவர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். தீண்டாதார் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமை மிகப் பெரிது. ஆதலால் அதனை ஆராய்வது இயல்பு மட்டுமன்று, தேவையும் ஆகும் என்பது அம்மடலின் கருத்து. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படிகளையும் அவர் கேட்டிருந்தார். டூ பாய்ஸ் பரிவோடு மறுமொழி எழுதினார்.

மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டாதார் எனப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டாதவர் என்று மாணவர்க்கு அறிமுகம் செய்துவைத்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். பின்னர்த் தம் நாட்டில் தம் மக்கள் படும் பாட்டை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டாதவனே, என் நாட்டுக் கறுப்பர் ஒவ்வொருவரும் தீண்டாதவரே என்ற முடிவுக்கு வந்தார். 1965ஆம் ஆண்டு தம் தேவாலயத்தில் ஆற்றிய உரையில் இதனை அவரே எடுத்துரைத்தார். இழிவாக வீசப்பட்ட சொல்லைத் தானே கையில் எடுத்து நிமிர்ந்து நிற்பது இதுவன்றோ!

இன்னொரு பாதையும் உண்டு. 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் கருஞ்சிறுத்தைகள் கட்சி தோன்றியது. அதன் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தனர். 1980களில் மதுரையில் அ. மலைச்சாமி அவ்வியக்கத்தைத் தமிழகத்தில் நடத்தினார். அவர் மறைவுக்குப் பின் 1990இல் பொறுப்பேற்றவர் தொல். திருமாவளவன். அவர் பிறந்தது எங்கே? இன்றைய அரியலூர் மாவட்டத்து அங்கனூரில்! ஓக்லண்டில் புறப்பட்ட சொல் செந்துறைப் பக்கம் வந்து சேர இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. நம் பக்கத்து நகரப் பேருந்தைக் காட்டிலும் அது விரைவாகவே வந்திருக்கிறது எனலாம்!

ரொட்டிக்கு எழுத்து

பிரடெரிக் டக்ளஸ் 1818ஆம் ஆண்டு மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாகப் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டில் ஏவல் செய்தபோது, அவ்வீட்டு அம்மையார் அவருக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். கணவர் அதனைக் கண்டு தடுத்தார். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும், படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவன் ஆகிவிடுவான் என்று அவர் மனைவியைக் கடிந்துகொண்டார். சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குப் போகும் வழி எது என்பதை அக்கணமே உணர்ந்துகொண்டான்.

இளைஞர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். டக்ளசின் வாழ்வைத் திருப்பிய மொழி நண்பன் சொன்னதன்று, ஆண்டை சொன்னது. எதைப் படிக்காதே என்று ஒருவன் பதறுகிறானோ, அதில்தான் நம் திறவுகோல் இருக்கிறது.

பிறகு அச்சிறுவன் என்ன செய்தான்? தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்து, மாற்றாக எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கியவன் அவன். நம் பிள்ளைகளில் சிலரோ, ஆண்டிறுதித் தேர்வு முடிந்த மறுநாளே பாடநூல்களை எடைக்குப் போட்டுவிட்டுப் பரோட்டா வாங்குகிறார்கள். எழுத்து கொடுத்து ரொட்டி வாங்கும் இவ்வணிகத்தில் குருமா இலவசமாகக் கிடைப்பது ஒன்றே ஆதாயம்!

டக்ளஸ் 1838இல் தப்பிச் சென்று விடுதலை பெற்றார். 1847இல் 'நார்த் ஸ்டார்' என்னும் இதழைத் தொடங்கினார். 1857ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துக் கேனன்டைகுவா என்னும் ஊரில் அவர் ஆற்றிய உரையே இன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. கேட்டுப் பெறாத எதையும் அதிகாரம் தானாக விட்டுக்கொடுத்ததில்லை, இனியும் விட்டுக்கொடுக்காது என்றும், உழாமல் விளைச்சலை விரும்புவோரைப் போலவே போராடாமல் விடுதலையை விரும்புவோரும் இருக்கிறார்கள் என்றும் அவர் அங்கே இடித்துரைத்தார். சோளமும் பருத்தியும் விளையும் நம் பெரம்பலூர் மண்ணில், உழாமல் விளைச்சல் இல்லை என்பதை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. போராட்டம் விருப்பக் குறியை அழுத்துவதோடு முடிந்துவிடாது என்பதைத்தான் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது!

செங்கல்லும் செம்மொழியும்

அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ கல்விக்கூடம் 1881இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். கட்டடத்துக்குச் செங்கல் வாங்கப் பணமில்லை. மாணவர்களே மண் குழைத்துச் சூளை வைத்தனர். மூன்று சூளைகள் அடுத்தடுத்துப் பாழாயின. நான்காவது சூளைக்குப் பணம் வேண்டித் தம் கைக்கடிகையை அடகு வைத்தார் வாஷிங்டன். நான்காவது சூளை வெந்தது. கடிகையை மீட்க அவரால் இயலவில்லை. ஆயினும் ஒரு கல்விக்கூடத்தின் காலம் அன்று ஓடத் தொடங்கிவிட்டது.

1895இல் அட்லாண்டா நகரில் அவர் ஒரு கதை சொன்னார். கடலில் திசை கெட்டுத் தாகத்தால் தவித்த கப்பல் ஒன்று, தொலைவில் கண்ட கப்பலிடம் தண்ணீர் கேட்டது. நிற்கும் இடத்திலேயே வாளியை இறக்கு என்று மறுமொழி வந்தது. ஐயத்தோடு இறக்கினால் நன்னீர்! அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தில் அக்கப்பல் நின்றிருந்தது. நம் மக்களும் இருக்கும் இடத்திலேயே கைத்தொழில் கற்று முன்னேறுக என்பது வாஷிங்டனின் கருத்து.

டூ பாய்ஸ் இதனை ஏற்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கைத்தொழில் மட்டும் போதும் என்று சொல்லி வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுப்பது மானக்கேடு என்று 1903இல் எழுதினார். கையா, மூளையா என்ற இவ்வழக்கு அமெரிக்காவில் பல்லாண்டு நடந்தது.

நம் வட்டாரத்திலும் இவ்வழக்கு உண்டு. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. சிமெண்டு ஆலைகள் பல நிற்கின்றன. அங்கே கல் சுமக்கவும் கருவி ஓட்டவும் நம் பிள்ளைகள் வேண்டும். ஆலையைத் திட்டமிடும் மேசையிலும் கணக்கைத் தணிக்கை செய்யும் அறையிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வினவ டூ பாய்ஸ் கற்றுத்தருகிறார். அந்த மேசைக்குப் போகும் வரையில் தொழிற்பயிற்சியை இகழாதே என்று வாஷிங்டன் கற்றுத்தருகிறார். இருவரையும் அருகருகே அமர்த்திக் கேட்பதே நமக்கு நலம். நாமோ இருவரையும் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறோம். அவர் மகன் எதைப் படிக்கிறானோ அதையே நம் மகனும் படிக்க வேண்டும் என்கிறோம்!

நம்மைப் போன்ற சங்கத்தினர் மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையாரையும் மறத்தல் ஆகாது. 1904ஆம் ஆண்டு புளோரிடாவின் டேட்டோனா நகரில், ஒன்றரை டாலர் கையிருப்போடு, ஐந்து சிறுமியரைக் கொண்டு பள்ளி தொடங்கியவர் அவர். கடைகளிலிருந்து கொணர்ந்த பெட்டிகள் மேசைகளாயின, பழச்சாறு மையாயிற்று, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்டம் செய்து விற்றுப் பள்ளியை நடத்தினார். நிதி இல்லை என்று தீர்மானம் போட்டுக் கூட்டத்தை ஒத்திவைக்கும் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்!

சொல்லாத மொழிகள்

இனி ஓர் எச்சரிக்கை. பெரியோர் பெயரில் உலவும் மொழிகள் யாவும் பெரியோர் மொழிகளல்ல.

சோஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையார் 1851ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பெண்கள் மாநாட்டில் பேசினார். உழவும் அறுவடையும் ஆணுக்கு நிகராகத் தாம் செய்ததைச் சொல்லிப் பெண்ணுக்கும் சம உரிமை கேட்டார். நான் பெண்ணில்லையா என்று அவர் மீண்டும் மீண்டும் முழங்கியதாக நாம் படித்திருக்கிறோம். ஆனால் உரை நிகழ்ந்த சில வாரங்களில் அச்சான செய்தியில் அவ்வரி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல் வேறொருவர் எழுதி வெளியிட்ட வடிவத்தில்தான் அது தோன்றுகிறது. அவ்வடிவம் அவரைத் தென்மாநிலக் கொச்சை பேசுபவராகவும் காட்டுகிறது. ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் அவர் பேசிய மொழியோ டச்சு! புகழ வந்தவர்களே ஒருவருடைய நாக்கை மாற்றிவிட்டார்கள்.

ஹாரியட் டப்மன் அம்மையாருக்கும் இதுவே நேர்ந்தது. அடிமையாயிருந்து தப்பியவர் மீண்டும் மீண்டும் அடிமை மாநிலத்துக்குள் இரவோடிரவாகப் புகுந்து, ஏறத்தாழப் பதின்மூன்று பயணங்களில் எழுபது பேரளவில் மீட்டு வந்தார். ஆயிரம் பேரை விடுவித்தேன், தாம் அடிமை என்று உணர்ந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன் என்று அவர் சொன்னதாக ஒரு மொழி உலகைச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்றேதும் இல்லை. அம்மொழி எழுபதை ஆயிரமாக்கியதோடு நில்லாமல், அடிமைகள் தம் நிலையை அறியாதவர்கள் என்ற பழியையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டது. எந்த அடிமைக்குத் தான் அடிமை என்று தெரியாது? விலங்கின் எடை அணிந்தவனுக்குத் தெரியாமலா போகும்?

வாட்ஸ்அப் குழுக்களில் அண்ணலின் படத்துக்குக் கீழே காதல் தோல்விக்கு ஆறுதலும், பங்குச் சந்தைக்கு அறிவுரையும் வருவதை நாம் கண்டு வருகிறோம். அத்துணை நூல்களை எழுதிய பெருமகனாருக்கு நம் கற்பனைச் சரக்கை இரவல் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. "இது எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த உரை?" என்று அனுப்பியவரை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். குழுவில் அன்று முழுவதும் அமைதி நிலவும்!

கனவும் காசோலையும்

1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அலபாமாவின் மாண்ட்கமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி வெள்ளையருக்காகப் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானார். வேலைக் களைப்பால் எழவில்லை என்று பலரும் எழுதினர். பின்னாளில் அவர் அதனை மறுத்தார். உடல் அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் களைத்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே களைத்துப் போயிருந்தேன் என்பது அவர் விளக்கம். அவர் வழியிற்சென்ற அப்பாவிப் பயணியும் அல்லர். கறுப்பினத்தார் சங்கத்தின் நகரக் கிளையில் பல்லாண்டு செயலாளராகப் பணியாற்றியவர். கூட்டக் குறிப்பு எழுதிய கை அது. அவருக்குப் பின்னே சங்கம் இருந்தமையால்தான் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்து வெற்றி பெற்றது. கையொப்பமிட்டுவிட்டுச் சுண்டல் வந்ததும் கலையும் உறுப்பினர்கள் இதனைச் சிந்திப்பாராக!

அப்புறக்கணிப்பில் தலைவராக வெளிப்பட்டவரே மார்ட்டின் லூதர் கிங். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அவர் ஆற்றிய உரையின் கனவுப் பகுதியை உலகமே அறியும். அது எழுதி வைத்த உரையில் இல்லாதது. பாடகி மஹாலியா ஜாக்சன் மேடையிலிருந்து அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுக்க, கிங் தாளை விட்டு விலகிப் பேசினார். ஆனால் அதே உரையின் முற்பகுதியில் இன்னொன்று இருக்கிறது. அமெரிக்கா தன் கறுப்பினக் குடிமக்களுக்குக் கொடுத்த காசோலை, பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதனை மாற்றிக்கொள்ளவே நாம் இங்கே வந்திருக்கிறோம் என்றார் அவர்.

கனவைப் பதாகையில் அச்சிடுவோர் காசோலையை அச்சிடுவதில்லை. கனவு எவரையும் கடன்காரர் ஆக்காது; காசோலை ஆக்கும். நமக்கும் இப்படி ஒரு காசோலை உண்டு. பட்டியல் சாதி மாணவர்க்கான கல்வி உதவித்தொகைத் திட்டம், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கப்பட்டது. அவ்வுதவித்தொகை கல்வியாண்டு முடிந்து, மாணவர் விடுதியைக் காலி செய்து, சில வேளைகளில் திருமணமும் முடிந்த பிறகு வந்து சேர்வதை நாம் கண்டிருக்கிறோம். மொய்க்கு உதவும் என்பது உண்மையே. அத்தொகை படிப்புக்கென்று வகுக்கப்பட்டது! 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரும், அரியலூரில் ஏறத்தாழ 23 பேரும் பட்டியல் சாதியினர். இத்துணைப் பேரின் காசோலையை உரிய நாளில் மாற்றித் தரக் கேட்பது இரத்தல் ஆகாது. உரியதைக் கேட்டலே ஆகும்.

பெயரும் கடவுச்சீட்டும்

மால்கம் லிட்டில் என்னும் இளைஞர் சிறைக்குள் சென்றபோது கடிதம் எழுதவும் சொல் போதாதவராயிருந்தார். அகராதியைப் பக்கம் பக்கமாகத் தாளில் படியெடுத்துச் சொற்களைக் கற்றார். வெளியே வந்தபோது அவர் மால்கம் எக்ஸ். 'லிட்டில்' என்பது தம் முன்னோரை அடிமை கொண்டவர் இட்ட பெயர். தம் குலத்தின் உண்மைப் பெயர் பறிபோய்விட்டது. அறியப்படாத அப்பெயருக்கு அடையாளமே 'எக்ஸ்' என்றார். 1964ஆம் ஆண்டு தாம் தொடங்கிய அமைப்பின் முதற்கூட்டத்தில், கல்வியே எதிர்காலத்துக்கான கடவுச்சீட்டு என்ற பொருள்பட மொழிந்தார். நம் வட்டாரத்தில் கடவுச்சீட்டின் அருமை தெரியாதவர் எவர்? வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக அதற்காக எத்துணை அலைச்சல்! அவ்வலைச்சலில் பாதியை நூலகத்துக்கு அலைந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

பெயர்ப் போராட்டம் நமக்கும் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரைச் சொல்லித் தாழ்த்தினார்களோ அப்பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். கறுப்பே அழகு என்ற முழக்கம் அமெரிக்காவில் ஓங்கி ஒலித்தது 1960களில். நம்மவர் அதற்கு எழுபது ஆண்டுகள் முந்திக்கொண்டார்! அங்கனூர்த் திருமாவளவனோ, இழிவும் அயன்மையும் ஒலிக்கும் பெயர்களைக் களைந்து தமிழ்ப் பெயர் சூடும் இயக்கம் நடத்தி, இராமசாமி என்னும் தம் தந்தையார் பெயரையே தொல்காப்பியன் என மாற்றினார். மகனுக்குத் தந்தை பெயர் வைப்பது உலக வழக்கு. தந்தைக்கு மகன் பெயர் வைத்தது அரியலூர் வழக்கு!

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு எண் கணிதம் பார்த்து, 'ஷ்' என்று முடியும் பெயர்களைத் தேடி வைக்கிறோம். பாட்டியால் அப்பெயரைக் கூப்பிட முடிவதில்லை. "ஏய் குட்டி" என்றே அழைத்துக்கொள்கிறாள். ஆண்டை வைத்த பெயரை மாற்றப் போராடிய குடியில், ஆயாவுக்கு வாயில் வராத பெயரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மால்கம் எக்ஸ் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

நாம் செய்ய வேண்டியது

இத்துணை மொழிகளும் நமக்கு எப்படிக் கிடைத்தன? எழுதி வைத்தமையால் கிடைத்தன. டக்ளஸ் இதழ் நடத்தினார். வாஷிங்டன் வரலாறு எழுதினார். எழுதத் தெரியாத எளியோரின் சொற்களும் அங்கே பொருட்படுத்தப்பட்டன. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தினர், அடிமைகளாயிருந்து முதுமையடைந்தோரைத் தேடிச் சென்று, 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளைப் பதிந்து வைத்தனர். பண்டித அயோத்திதாசர் சென்னையில் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பின்னர்த் 'தமிழன்' ஆகி, அச்சில் நின்றமையால்தான் 1999இல் அவர் சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவர முடிந்தது. அச்சேறாத அறிஞர்கள் எத்தனை பேர் மறைந்தனரோ!

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் பண்ணையாளாக உழைத்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதன்முதல் பள்ளிப்படி ஏறியவர்கள் இருக்கிறார்கள். முதன்முதல் பொதுக்குழாயில் குடம் வைத்த பெண்மணி இருக்கிறார். அன்று அவர் என்ன சொன்னார்? எவரை நோக்கிச் சொன்னார்? அதற்காக என்ன விலை கொடுத்தார்? அவர் பேத்தியின் கையில் ஒலியும் ஒளியும் பதியும் கைப்பேசி இருக்கிறது. அதில் ஆட்டக் காட்சிகள் இருக்கின்றன. பாட்டியின் குரல் இல்லை. ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் நமக்குரிய ஒரு நூல் எழுதப்படாமலே எரிகிறது.

செந்துறைப் பக்கத்துக் குழுமூர் அனிதாவை இங்கே நினைக்காமல் இருக்க இயலாது. சுமைத் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். மருத்துவக் கல்விக்கான வழி அடைபட்டபோது தம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றவர். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இளைஞர்க்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். டக்ளஸ் 77 வயது வரை வாழ்ந்தார். பார்க்ஸ் 92 வயது வரை. டூ பாய்ஸ் 95 வயது வரை. நீண்ட நாள் வாழ்ந்து, அநீதிக்கு நீண்ட நாள் தொல்லை கொடுத்தவர்கள் இவர்கள். நீங்களும் அவ்வாறே வாழ்ந்து தொல்லை கொடுக்க வேண்டும். துயர் மிகும்போது தனித்திராமல் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். அதற்காகவே சங்கம் இருக்கிறது.

ஆதலின், அன்பு இளைஞர்காள்! இவ்விழா முடிந்ததும் உங்கள் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் சென்று அமருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், ஆண்டும் ஊரும் குறியுங்கள். ஒரு சொல்லையும் மெருகேற்ற வேண்டா. நம்மவர் நாக்கை நாமே மாற்றுதல் ஆகாது. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பொன்விழாக் காணும். அம்மலரில் டக்ளசுக்கும் பார்க்சுக்கும் பக்கத்தில் நம் பாட்டிமாரின் மொழிகளும் அச்சேற வேண்டும். அவற்றைப் படித்து, எங்கோ கடல் கடந்த நாட்டில் ஒரு கறுப்பின இளைஞர், இவர்களும் நம்மவரே என்று சொல்லும் நாள் வருக!

கற்போம்! கேட்போம்! எழுதி வைப்போம்!